ஒரே ஒரு ‘எஸ்’: ஆங்கிலத்தில் ஒருமை, பன்மை, உடைமை வந்த கதை

2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு சின்னத் தவறு நடந்தது. மான்செஸ்டரைச் சேர்ந்த ‘டெய்லர் அண்ட் சன்’ என்ற கம்பெனியைக் கலைக்கும்படி நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. கம்பெனிகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் அரசு அலுவலகமான கம்பெனீஸ் ஹவுஸ், அந்த உத்தரவை ‘டெய்லர் அண்ட் சன்ஸ்’ என்ற கம்பெனியின் பெயரில் ஏற்றிவிட்டது. இது வேல்ஸில் உள்ள கார்டிஃப் நகரத்துக் கம்பெனி. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்த பொறியியல் நிறுவனம். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரே வித்தியாசம், கடைசியில் வரும் ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து.

தவறு சில நாட்களில் திருத்தப்பட்டது. ஆனால் அதற்குள் கடன் தகுதியைக் கணிக்கும் நிறுவனங்களுக்குச் செய்தி போய்விட்டது. சரக்கு கொடுத்தவர்கள் கடனுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆர்டர்கள் கைவிட்டுப் போயின. கம்பெனி மூழ்கியது. சுமார் 250 பேர் வேலை இழந்தார்கள். 2015 ஜனவரியில் லண்டன் உயர்நீதிமன்றம், இதற்குக் கம்பெனீஸ் ஹவுஸ்தான் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. கேட்கப்பட்ட நஷ்டஈடு சுமார் 88 லட்சம் பவுண்டு!

ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில் இருப்பது ஓர் எழுத்து. அதே எழுத்துதான் ‘உடைய’ என்ற பொருளையும் தருகிறது. பாய்ஸ் (பையன்கள்), பாய்'ஸ் (பையனுடைய), பாய்ஸ்' (பையன்களுடைய) ஆகிய மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றும் ஒரே ஒலி. கண்ணால் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவு பெரிய மொழி, மூன்று வேலைகளை ஏன் ஓர் எழுத்தின் தலையில் கட்டியது? இதற்குப் பதில் சுமார் ஆயிரம் வருடத்துக் கதை.

கல்லும் கற்களும்

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் இன்றைய ஆங்கிலம் மாதிரி இல்லை. அதைப் பழைய ஆங்கிலம் என்பார்கள். அதில் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால், நான்கு முக்கிய வேற்றுமைகள். தமிழில் கல், கல்லின், கல்லுக்கு, கற்கள், கற்களின், கற்களுக்கு என்று சொல்வதைப் போல அங்கேயும் சொல்லின் கடைசி மாறிக்கொண்டே இருக்கும்.

இன்று ‘ஸ்டோன்’ என்று சொல்லப்படும் சொல் அன்று ‘ஸ்டான்’. கல்லின் என்றால் ‘ஸ்டானெஸ்’. கல்லுக்கு என்றால் ‘ஸ்டானெ’. கற்கள் ‘ஸ்டானஸ்’. கற்களின் ‘ஸ்டான’. கற்களுக்கு ‘ஸ்டானும்’. கவனித்துப் பாருங்கள், ‘கல்லின்’ வேறு, ‘கற்கள்’ வேறு, ‘கற்களின்’ வேறு. அப்பாஸ்ட்ரஃபிக்கு (எழுத்துக்கு மேலே போடுகிற அந்தச் சின்னக் கொக்கிக்கு) அங்கே வேலையே இல்லை.

எல்லாச் சொல்லும் ‘ஸ்டான்’ போல நடக்கவில்லை என்பதுதான் இன்னும் சுவாரசியம். பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. கண்ணுக்குப் பன்மை ‘அன்’ சேர்த்து வந்தது. கப்பலுக்கு ‘உ’ சேர்த்து வந்தது. குழந்தைக்கு ‘ரு’ சேர்த்து வந்தது. புத்தகத்துக்கு எதையும் சேர்க்காமல் நடுவில் இருந்த உயிரெழுத்தையே மாற்றினார்கள்: ‘போக்’ என்றால் புத்தகம், ‘பேச்’ என்றால் புத்தகங்கள். ஆட்டுக்கும் மானுக்கும் ஒருமையும் பன்மையும் ஒன்றே.

உடைமை உருபும் அப்படித்தான். ஆண்பால் சொற்கள் பலவற்றுக்கு ‘எஸ்’ வரும், பெண்பால் சொற்களுக்குப் பொதுவாக வராது. இதற்கு ஆதாரம் வேண்டுமா? காலண்டரைப் பார்த்தால் போதும். டியூஸ்டே, வெட்னஸ்டே, தர்ஸ்டே மூன்றும் ‘டியூ’, ‘வோடன்’, ‘தோர்’ என்ற பழைய ஆண் கடவுள்களுடைய நாட்கள். நடுவில் வரும் ‘ஸ்’ பழைய உடைமை உருபு. ஃப்ரைடே மட்டும் ‘ஃப்ரிக்’ என்ற பெண் தெய்வத்தின் நாள். அதனால் அங்கே ‘ஸ்’ இல்லை!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம். பிரிட்டனில் மார்ச் 25-ஐ ‘லேடி டே’ என்பார்கள், மேரி மாதாவின் நாள் என்று பொருள். ‘லேடி’ பெண்பால் என்பதால் இங்கும் ‘ஸ்’ இல்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் புது வருடமே அன்றுதான் தொடங்கியது, வாடகையும் கணக்கும் அன்றுதான் தீர்க்கப்பட்டன. 1752-இல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களைக் கழித்தார்கள். அதன் விளைவாக வரி ஆண்டின் தொடக்கம் தள்ளிப் போய், கடைசியில் ஏப்ரல் 6-இல் நின்றது. பிரிட்டனின் வரி ஆண்டு இன்றும் அந்த விநோதமான தேதியில்தான் தொடங்குகிறது.

எல்லாம் தேய்ந்தது, ‘எஸ்’ நின்றது

இத்தனை உருபுகளும் எங்கே போயின?

முதல் காரணம் உச்சரிப்பு. ஆங்கிலத்தில் அழுத்தம் பெரும்பாலும் சொல்லின் முதல் அசையில் விழும். கடைசி அசை மெலிந்துபோகும். அப்படி மெலிந்து மெலிந்து கடைசியில் இருந்த அ, எ, உ எல்லாம் ஒரே மங்கலான ஒலியாக மாறின. ‘ஸ்டானஸ்’ (கற்கள்), ‘ஸ்டானெஸ்’ (கல்லின்) இரண்டும் ஒன்றாகிவிட்டன. இன்றைய குழப்பத்துக்கு விதை விழுந்தது இங்கேதான். பன்மையும் உடைமையும் ஒரே ஒலிக்குள் வந்து சேர்ந்தன.

இரண்டாவது காரணம் வந்தேறிகள். 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைத் தாக்கிய வைக்கிங்குகள், பிறகு இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேசிய நார்ஸ் மொழியும் ஆங்கிலமும் உறவு மொழிகள். வேர்ச்சொல் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், கடைசி உருபு மட்டும் வேறாக இருக்கும். சந்தையில் மாடு விற்கிறவனும் வாங்குகிறவனும் பேசிக்கொள்ள வேர்ச்சொல் போதுமே! உருபுகள் தேய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று மொழியியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். ‘எஸ்’ பன்மை முதலில் வடக்கில் பரவி, பிறகு தெற்கே இறங்கியது.

1066-இல் நார்மன்கள் வந்தார்கள். அரசவை, நீதிமன்றம் எல்லாம் பிரெஞ்சு ஆனது. ஆங்கிலம் பெரும்பாலும் பேச்சு மொழியாகவே சில தலைமுறைகள் கழித்தது. பழைய எழுத்து மரபைக் காப்பாற்ற ஆள் குறைந்ததால் மாற்றங்கள் இன்னும் வேகமாகின. பிரெஞ்சிலும் பன்மைக்கு ‘எஸ்’ இருந்தது. அதுவும் துணை நின்றிருக்கலாம்.

தெற்கு இங்கிலாந்தில் மட்டும் ‘என்’ என்ற பன்மை உருபு கொஞ்ச காலம் ‘எஸ்’ஸுடன் போட்டி போட்டது. கண்கள் ‘ஐயென்’, செருப்புகள் ‘ஷூன்’, வீடுகள் ‘ஹவுஸென்’. போட்டியில் ஜெயித்தது ‘எஸ்’.

முட்டை கேட்ட வியாபாரி

இந்தப் போட்டி எப்படி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. சாட்சி சொன்னவர் வில்லியம் காக்ஸ்டன். துணி வியாபாரியாகத் தொழில் பழகி, பிறகு 1476-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவியவர். 1490-இல் ‘எனெய்டோஸ்’ என்ற நூலுக்கு எழுதிய முன்னுரையில் அவர் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார்.

சில வியாபாரிகள் தேம்ஸ் நதி வழியாக ஜீலாந்துக்குக் கப்பலில் கிளம்பினார்கள். காற்று இல்லாததால் வழியில் தங்கினார்கள். அவர்களில் ஒருவர் கரையில் ஒரு வீட்டுக்குப் போய் சாப்பாடு கேட்டார். முக்கியமாக ‘எக்ஸ்’ (முட்டைகள்) வேண்டும் என்றார். அந்த வீட்டுப் பெண்மணியோ, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று சொல்லிவிட்டார்! வியாபாரிக்குக் கோபம், ஏனென்றால் அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பேசியது ஆங்கிலம்தான். கடைசியில் இன்னொருவர் ‘ஐரென்’ வேண்டும் என்று சொன்னதும், அது நன்றாகப் புரிகிறது என்றாராம் அந்த அம்மா.

‘எக்’ நார்ஸிலிருந்து வந்த வடக்குச் சொல், பன்மைக்கு ‘எஸ்’. ‘ஐரென்’ தெற்குச் சொல், பன்மைக்கு ‘என்’. இந்தக் காலத்தில் ஒருவன் எதைத்தான் எழுதுவது என்று காக்ஸ்டன் அலுத்துக்கொள்கிறார். அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. அச்சகம் வைத்திருப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். புத்தகம் எல்லா ஊரிலும் விற்க வேண்டுமே!

தப்பிப் பிழைத்தவை

பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொல்லும் ‘விதிவிலக்குகள்’ உண்மையில் விலக்குகளே இல்லை. அவை பழைய விதிகளின் மிச்சங்கள்.

ஃபுட் – ஃபீட், கூஸ் – கீஸ், மவுஸ் – மைஸ், மேன் – மென்: இவற்றின் பன்மையில் பல நூற்றாண்டுகளுக்கு முன் கடைசியில் ஓர் ‘இ’ ஒலி இருந்தது. அந்த ‘இ’ தனக்கு முன்னால் இருந்த உயிரொலியைத் தன் பக்கம் இழுத்து மாற்றிவிட்டது. பிறகு ‘இ’ மறைந்தது, அது செய்த மாற்றம் மட்டும் நின்றது. புக் என்ற சொல்லும் இந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. அது வெளியே போய் ‘புக்ஸ்’ ஆகிவிட்டது.

ஆக்ஸ் – ஆக்ஸென் என்பது தோற்றுப்போன ‘என்’ அணியின் கடைசி வீரர். சில்ட்ரன் கதை இன்னும் வேடிக்கை. ‘சில்ட்ரு’ என்பதே பன்மை. அது தேய்ந்து ‘சில்டர்’ ஆனதும் பன்மை என்பது மக்களுக்கு மறந்துபோயிற்று. அதனால் மேலே இன்னொரு ‘என்’ சேர்த்தார்கள். இன்றைய ‘சில்ட்ரன்’ இரட்டைப் பன்மை. தமிழில் ‘அவர்’ என்ற பலர்பால் சொல் மரியாதைக்கான ஒருமையாக மாறியதும் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ ஆக்கினோமே, கிட்டத்தட்ட அப்படி :)

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பட்டாணிக்கு ஆங்கிலத்தில் ‘பீஸ்’ என்ற சொல் முதலில் ஒருமை. கடைசியில் ‘ஸ்’ கேட்டதும் அதைப் பன்மை என்று நினைத்து, ‘பீ’ என்று புதிதாக ஓர் ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். செர்ரியும் நார்மன் பிரெஞ்சின் ‘ஷெரீஸ்’ என்ற ஒருமையிலிருந்து இதே மாதிரி வெட்டப்பட்டதுதான். செல்வம் என்று பொருள்படும் ‘ரிச்சஸ்’, ‘ரிச்செஸ்’ என்ற பிரெஞ்சு ஒருமைச் சொல். இன்று அது பன்மையாக நடத்தப்படுகிறது. மீட்டிங்கில் படிக்கும் ‘அஜெண்டா’ லத்தீனில் பன்மை, இன்று ஆங்கிலத்தில் ஒருமை. ‘எஸ்’ஸின் பலம் அவ்வளவு. அது கேட்டால் பன்மை, கேட்காவிட்டால் ஒருமை.

ராஜா, அவருடைய கிரீடம்

உடைமை உருபின் கதைக்கு வருவோம். வேற்றுமை உருபுகள் எல்லாம் போன பிறகும் ‘எஸ்’ மட்டும் நின்றது என்றால், அது தன் குணத்தை மாற்றிக்கொண்டதும் ஒரு காரணம். பழைய ஆங்கிலத்தில் உருபு சொல்லோடு ஒட்டியிருக்கும். 14-ஆம் நூற்றாண்டில் சாசர் எழுதிய கதையின் பழைய தலைப்பு ‘த வைவ்ஸ் டேல் ஆஃப் பாத்’. இன்று அதையே ‘த வைஃப் ஆஃப் பாத்ஸ் டேல்’ என்கிறார்கள். கதை பாத் நகரத்துடையது அல்ல, பாத் நகரத்துப் பெண்மணியுடையது. ஆனாலும் ‘ஸ்’ நகர்ந்து ஊர்ப்பெயரோடு ஒட்டிக்கொண்டது. தொடரின் கடைசியில் எந்தச் சொல் இருந்தாலும் போய் ஒட்டிக்கொள்ளும் தனி உருபாக அது மாறிவிட்டது.

இதனால் ஒரு தவறான நம்பிக்கை பிறந்தது. ‘கிங்’ஸின் கடைசி ஒலி, ‘ஹிஸ்’ (அவருடைய) என்ற சொல்லின் சுருக்கம் என்று பலர் நினைத்தார்கள். ‘ராஜா அவருடைய கிரீடம்’ என்பது போல ‘த கிங் ஹிஸ் கிரவுன்’ என்று எழுதினார்கள். 1662-ஆம் ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபைப் பிரார்த்தனைப் புத்தகத்திலேயே இந்த நடை உண்டு. 1711-இல் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையில் ஜோசப் அடிசனும் இப்படித்தான் விளக்கினார். அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் 1755-இல் இதை மறுத்தார். பெண்களுக்கும் அதே ‘எஸ்’தானே வருகிறது, அங்கே ‘அவனுடைய’ என்று எப்படிப் பொருள் கொள்வது என்பது அவர் கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்வி!

கொக்கி வந்த வழி

அப்பாஸ்ட்ரஃபி ஆங்கிலத்தில் பிறந்தது அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சகங்களின் வழக்கத்தைப் பார்த்து ஆங்கில அச்சகத்தார் எடுத்துக்கொண்டது. அன்று அதற்கு ஒரே வேலைதான்: இங்கே ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது என்று காட்டுவது. உடைமையோடு அதற்குத் தொடர்பே இல்லை. 1623-இல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பில் உடைமைச் சொற்கள் பெரும்பாலும் கொக்கி இல்லாமலேயே அச்சாகியிருக்கின்றன.

‘கிங்கெஸ்’ என்பதில் ‘எ’ உச்சரிப்பில் மறைந்ததால், அந்த இடத்தில் கொக்கி போட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஒருமை உடைமைக்கு இது வழக்கமானது. பன்மை உடைமைக்கு ‘எஸ்’ஸுக்குப் பின்னால் கொக்கி போடும் பழக்கம் 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில்தான் நிலைத்தது. அதாவது இன்று பரீட்சையில் மதிப்பெண்ணைக் குறைக்கும் இந்த விதிக்கு வயது சுமார் 250 வருடம்தான்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ‘எ’ மறைந்தது உடைமையில் மட்டும் அல்ல, பன்மையிலும்தான். அப்படியானால் பன்மைக்கும் கொக்கி போடலாமே? போட்டார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்களே ‘ஃபோலியோ’ போல உயிரெழுத்தில் முடியும் சொற்களின் பன்மைக்குக் கொக்கி போட்டு எழுதினார்கள். இன்று இங்கிலாந்தில் காய்கறிக்கடைப் பலகையில் ‘டொமேட்டோ’ஸ்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ‘காய்கறிக்காரர் அப்பாஸ்ட்ரஃபி’ என்று பட்டப்பெயர் வேறு. அந்தக் கடைக்காரருக்குப் படித்த முன்னோர்கள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

‘இட்ஸ்’ விஷயமும் இப்படித்தான். ‘அதனுடைய’ என்பதற்குக் கொக்கி கூடாது, ‘அது ... ஆகும்’ என்பதன் சுருக்கத்துக்குக் கொக்கி வேண்டும் என்பது இன்றைய விதி. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ‘அதனுடைய’ என்பதற்குக் கொக்கி போடுவது சாதாரணம். 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தின் முதல் ஷரத்து, பத்தாவது பிரிவில் அப்படியொரு கொக்கி இன்றும் இருக்கிறது.

பெயர்ப் பலகைகளின் போர்

விதி நிலைத்துவிட்டது என்று சொன்னாலும் முழுதாக நிலைக்கவில்லை. லண்டனில் 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்டு லாயிட் நடத்திய காபிக் கடையில் தொடங்கிய காப்பீட்டுச் சந்தை ‘லாயிட்’ஸ்’, கொக்கி உண்டு. 1765-இல் பர்மிங்காமில் தொடங்கிய வங்கி ‘லாயிட்ஸ்’, கொக்கி இல்லை. ஹாரட்ஸ், பார்க்ளேஸ் இரண்டிலும் இல்லை. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் கொக்கியைக் கைவிட்டது. லண்டன் சுரங்க ரயிலில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள்: ‘ஏர்ல்’ஸ் கோர்ட்’டுக்குக் கொக்கி உண்டு, ‘பேரன்ஸ் கோர்ட்’டுக்கு இல்லை!

அமெரிக்காவில் 1890-இல் அமைக்கப்பட்ட இடப்பெயர் வாரியம் கொக்கியை ஊக்குவிப்பதே இல்லை. மார்த்தா’ஸ் வின்யார்ட் போல விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களுக்குத்தான் விலக்கு. பர்மிங்காம் மாநகராட்சி 2009-இல் தெருப்பலகைகளில் கொக்கி வேண்டாம் என்று முடிவு செய்தது. கேம்பிரிட்ஜ் அதே மாதிரி முடிவெடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2014-இல் பின்வாங்கியது. 2001-இல் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ‘அப்பாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம்’ ஒன்றையே தொடங்கினார். 2019-இல் தன் 96-ஆவது வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி அதை மூடுவதாக அறிவித்தார். பிறகு வேறொருவர் அதை எடுத்து நடத்தினார்.

கடைசியாக

அறியாமையும் சோம்பலும் மட்டும்தான் காரணமா? வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. தமிழில் மாணவன், மாணவர்கள், மாணவனுடைய, மாணவர்களுடைய என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி இருக்கிறது. கேட்டாலே புரியும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அப்படி இருந்தது. ஒலிகள் தேய்ந்து ஒன்றானதால், அச்சகத்தார் கண்ணுக்காக ஓர் ஒட்டுப் போட்டார்கள். காது உதவாத இடத்தில் கை தடுமாறுவது இயல்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுமாறும்போது, தமிழ் மீடியத்தில் படித்த ஒரு மாணவர் ஒரு கொக்கியை மாற்றிப் போட்டுவிட்டால் அதை வைத்து அவர் அறிவை அளப்பது அநியாயம்.

அதற்காகக் கொக்கி தேவையில்லை என்று அர்த்தமில்லை. எழுத்தில் அது உண்மையான வேலை செய்கிறது. இந்தியக் கம்பெனிகள் சட்டம் 2013-இன் மூன்றாம் அட்டவணையில் பேலன்ஸ் ஷீட்டில் வரும் ஒரு தலைப்பு ‘ஷேர்ஹோல்டர்ஸ்’ ஃபண்ட்ஸ்’, கொக்கி ‘எஸ்’ஸுக்குப் பின்னால். பங்குதாரர்கள் அனைவருடைய பணம் என்று அந்த ஒரு புள்ளி சொல்கிறது. கொக்கி முன்னால் போனால் அது ஒரே ஒரு பங்குதாரருடைய பணம்! ‘பார்ட்னர்’, ‘கிரெடிட்டர்’, ‘எம்ப்ளாயீ’ எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

எழுதும்போது ஒரே ஒரு கேள்வி போதும். சொந்தக்காரர் ஒருவரா, பலரா? அவரை முதலில் முழுதாக எழுதிவிட்டு, அதன் பிறகு கொக்கியைப் போட வேண்டும். ஒருவர் என்றால் ‘பார்ட்னர்’ முடிந்ததும் கொக்கி, பலர் என்றால் ‘பார்ட்னர்ஸ்’ முடிந்ததும் கொக்கி. சொந்தம் எதுவும் இல்லை, வெறும் பன்மை என்றால் கொக்கியே வேண்டாம். ‘எஸ்’ஸில் முடியாத சில்ட்ரன், மென் போன்ற பழைய பன்மைகளுக்குக் கொக்கி போட்டு ‘எஸ்’ஸையும் சேர்க்க வேண்டும். அடுத்த முறை யாராவது இதில் தவறு செய்தால் சிரிப்பதற்குப் பதில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். மனப்பாடம் மறந்துபோகும், முட்டை கேட்ட வியாபாரி மறக்க மாட்டார்.